யாக்கோபின் வேகம்



வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். சீட்டு உறை இன்னும் பிரிக்காத புதுக் கார் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்திலேயே டேங்கில் பெயின்ட் உதிர்ந்த பழைய டி.வி.எஸ். 50. செவ்வந்தி மாலை போட்ட ஸ்கூட்டர்கள், தெருத் தெருவாகக் காய்கறி விற்றுவரும் குட்டி யானை வண்டி, சுவரோரமாக ஆறேழு சைக்கிள்கள். புனித கிறிஸ்தோபர் திருநாளை ஒட்டி வாகனங்களை மந்திரிப்பது நம் வழக்கம். தீர்த்தம் தெளித்து, ஜெபித்து, உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் வண்டி ஓட்டுவதைப் பற்றியே உங்களோடு பேச வேண்டும் என்று சில வாரங்களாக மனசில் கிடக்கிறது. அதுவும் கியர் போட்டு, கிளட்ச் மிதித்து ஓட்டுகிற காரைப் பற்றி.

இப்போது வாசிக்கக் கேட்டீர்களே, தொடக்கநூல் 33-ஆம் அதிகாரம், அதிலிருந்து தொடங்குகிறேன். இருபது ஆண்டுகள் மாமனார் லாபானிடம் உழைத்துவிட்டு யாக்கோபு ஊர் திரும்புகிறார். எதிரே அண்ணன் ஏசா நானூறு ஆள்களோடு வருகிறார். யாக்கோபு ஏமாற்றி வாங்கிய ஆசி, அதனால் வந்த பகை எல்லாம் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. ஏசாவோ ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொள்கிறார். இருவரும் அழுகிறார்கள். அழுது ஓய்ந்ததும், வா, சேர்ந்தே போவோம் என்று கூப்பிடுகிறார் ஏசா. அதற்கு யாக்கோபு சொன்ன பதிலில்தான் நான் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறேன். பிள்ளைகள் இளசுகள், ஆடு மாடுகள் குட்டியும் கன்றுமாகப் பால் கொடுத்துக்கொண்டிருக்கின்றன, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும் என்கிறார். நீங்கள் முன்னே போங்கள், நான் இவற்றின் நடைக்கும் இந்தப் பிள்ளைகளின் நடைக்கும் தக்கபடி மெல்ல வருகிறேன் என்கிறார். யாக்கோபு அதன் பிறகு அண்ணன் இருந்த சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம். முந்தைய இரவுதான் இவர் ஆண்டவரின் தூதரோடு மற்போரிட்டுத் தொடைச் சந்து விலகி, நொண்டி நொண்டி நடக்கிறார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தன் காலில் வலி உள்ளவருக்குத்தான் பிள்ளைகளின் கால் ஞாபகம் வருகிறது.

எத்தனையோ முறை இதை வாசித்திருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இந்த வசனம் எனக்குத் திறந்தது.

1998-இல் நான் இங்கே நெய்வேலியில் உதவிப் பங்குத்தந்தை. பங்குக்கு ஒரு பழைய மாருதி 800 இருந்தது. நான்கு கியர். ஓட்டுநர் ஊரை விட்டுப் போய்விட்டார். ராத்திரியில் நோயில்பூசுதலுக்கு யாராவது கூப்பிட்டால், போகிற வழியில் ஷிப்ட் முடிந்து வருகிற ஒருவரை நிறுத்திக் கேட்க வேண்டிய நிலைமை. நான் கற்றுக்கொள்வதுதான் வழி என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் 'எல்' ஒட்டியாயிற்று. கற்றுக்கொடுக்க முன்வந்தவர், முதல் அனல் மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இப்போது ஆண்டவரிடம் இருக்கிறார்.

நெய்வேலியின் தெருக்களை நீங்கள் தினமும் பார்ப்பதால் அவற்றின் அருமை தெரியாமல் போகலாம். வெளியூரில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கைநடுங்கப் பழகுகிறார்கள். இங்கே ஆண்டவர் நமக்குப் பழகுவதற்கென்றே ஊர் கொடுத்தது மாதிரி, நேர் நேராக அகலச் சாலைகள், இரண்டு பக்கமும் மரம், விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு காக்கை மட்டும் நடுரோட்டில் நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் ஐயா வருவார்.

முதல் நாள் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஃபாதர், செருப்பைக் கழட்டுங்க." வெறுங்காலோடு கிளட்சை மிதிக்கச் சொன்னார். "இப்ப மெதுவா விடுங்க. விட்டுக்கிட்டே வாங்க. எங்கயோ ஒரு இடத்துல வண்டி லேசா மூச்சு விடும். அந்த இடத்துல காலை நிறுத்துங்க." நான் விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. திரும்பவும் சாவி. திரும்பவும் குதி. அன்று காலை பதினாறு முறை வண்டி ஆஃப் ஆனது. எண்ணியவர் அவர்தான். கோபமாக எண்ணவில்லை, மருந்துத் துளி எண்ணுவது போல எண்ணினார்.

மூன்றாம் நாளும் அதே கதை. எனக்கு அழுகை வரும் போல இருந்தது. இது எனக்கு வராது ஐயா, விட்டுவிடலாம் என்றேன். அவர் நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் திசையைக் கையால் காட்டினார். "1957 மே மாசம் நேரு வந்து தோண்டுற வேலையைத் தொடங்கி வச்சாரு ஃபாதர். கரியைக் கண்ணால பார்க்க 1961 ஆகஸ்ட் ஆச்சு. நாலு வருஷத்துக்கு மேல வெறும் மண்ணு. தோண்டுறது, அள்ளுறது, கொட்டுறது. ஊத்துத் தண்ணி வேற கீழ இருந்து முட்டும், அதை ராவும் பகலும் இறைச்சுக்கிட்டே இருக்கணும். அப்ப இருந்தவங்க மூணாம் நாளே விட்டுட்டுப் போயிருந்தா இந்த ஊருக்கு ஏது லைட்டு?" என்றார். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததைச் சும்மா விடாமல் ஆராய வைத்ததிலிருந்து தொடங்குகிறது நம் ஊர்க் கதை. இங்கே பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் அது எனக்கென்று சொன்னதாகப் பட்டது.

நான்காம் நாள் அவர் பாதத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் வேலையைப் பற்றிப் பேசினார். இங்கே மின் நிலையத்தில் உழைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் தப்பாகச் சொன்னால் பூசைக்குப் பிறகு திருத்துங்கள்.

டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால்தான் ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும். வெளியே மின்கட்டமைப்பில் நாட்டு மின்சாரம் எல்லாம் அதே 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஓட்டிய யூனிட்டை அதோடு சேர்க்க வேண்டும். நினைத்தவுடன் ஸ்விட்சைப் போட்டுவிட முடியாது. வோல்டேஜ் ஒத்துப்போக வேண்டும், வேகம் ஒத்துப்போக வேண்டும், அலை எழும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். அதற்கென்று ஒரு மீட்டர். அதன் முள் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். முள் மெதுவாகி மெதுவாகிப் பன்னிரண்டு மணி இடத்துக்கு வரும் நேரத்தில் பிரேக்கரைப் போடுவார். யூனிட் சேர்ந்துவிட்டது என்று யாருக்கும் சத்தம்கூடக் கேட்காது. கொஞ்சம் தப்பாகப் போட்டாலோ, அந்தப் பெரிய இரும்புத் தண்டு முழுக்க ஓர் உதறல் போகும். தண்டே பழுதாகலாம். "ஓடிக்கிட்டு இருக்கிற ஒண்ணோட ஓடாத ஒண்ணைச் சேர்க்கறதுதான் ஃபாதர் உலகத்துல கஷ்டமான வேலை" என்றார் ஐயா. "நம்ம இன்ஜின் 800, 900 சுத்துல சும்மா சுத்திக்கிட்டு நிக்குது. சக்கரம் அசையாம நிக்குது. ரெண்டையும் உதறாம சேர்க்கணும். அதுக்குத்தான் உங்க இடது கால்."

கிளட்ச் என்ன செய்கிறது என்பதை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று உண்டு, ஃப்ளைவீல். அதன் முகத்தோடு முகம் வைத்தாற்போல ஒரு தட்டு. அதுதான் கிளட்ச் தட்டு. அது கியர் பெட்டியோடும், அதன் வழியாகச் சக்கரங்களோடும் சேர்ந்தது. ஸ்பிரிங்கின் அழுத்தம் இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நாம் மிதித்தால் தட்டு விலகும். காலை எடுத்தால் திரும்ப வந்து ஒட்டும். விலகியதற்கும் ஒட்டியதற்கும் நடுவில் மிதியில் விரலளவு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் தட்டு உரசும், வழுக்கும், சூடாகும். சுற்றுவதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, நிற்பதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். நம் மெக்கானிக்குகள் அதை 'கடிக்கிற இடம்' என்பார்கள். கார் ஓட்டுவதில் உள்ள கலையெல்லாம் அந்த விரலளவில் இருக்கிறது.

உரசும் பொருள் எதுவும் தேயாமல் இருக்காது. கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை தேய்கிறது. அந்தப் பட்டை தேய்வதால்தான் மற்றப் பல்சக்கரங்கள் பல் உடையாமல் இருக்கின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மெக்கானிக் அதைக் கழற்றி உங்கள் கையில் கொடுப்பார். கறுத்து, மெலிந்து, ஆணித்தலை தெரிகிற நிலையில் இருக்கும். ஒருமுறை அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. விண்ணகத்தின் வேகத்துக்கும் நம் மந்தத்துக்கும் நடுவில் தம் உடலை வைத்து, உரசலைத் தாம் ஏற்று, நம்மை உதறாமல் தந்தையோடு சேர்த்தவரை நினைத்தேன். முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் தச்சுப் பட்டறையில் இருந்தாரே, கடவுளுக்கு அவ்வளவு நாள் எதற்கு? நம் வேகத்துக்கு வரத்தான். உயிர்த்த பிறகும் எம்மாவு போகும் வழியில் சோர்ந்து நடந்த இருவரோடு அவர்கள் நடையிலேயே நடந்தார். முகத்தைக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவர் நடந்தார்.

ஒரு மாதம் போனது. எனக்குக் கொஞ்சம் கை வந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒரு காலையில், ஐயா தன் மனைவியைப் பின் இருக்கையில் உட்கார வைத்தார். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி ஆறேழு மாதம். இடுப்பில் அகலப் பட்டை கட்டியிருந்தார்கள். ஐயா என் பக்கம் திரும்பி, "இவங்க முதுகுதான் உங்களுக்கு டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு வருவாங்க. எந்த கியர் போட்டீங்கன்னு இவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அம்மா ஒரு கையால் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் செபமாலையோடு, சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்கள்.

அன்று மாதிரி நான் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. பாதம் காது மாதிரி ஆனது. இன்ஜின் எப்போது கனக்கிறது, எப்போது இளகுகிறது என்று பாதத்தால் கேட்டேன். பின்னால் இருக்கும் ஓர் உடம்பு என் உடம்புக்குள் வந்துவிட்டது மாதிரி இருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு. இரண்டிலிருந்து மூன்று. ரவுண்டானாவுக்கு முன்னால் திரும்ப இரண்டு. வீட்டு வாசலில் நிறுத்தியதும் அம்மா கண்ணைத் திறந்து, "புறப்படலையா ஃபாதர் இன்னும்?" என்று கேட்டார்கள். என்னை மகிழ்விக்கச் சொன்னதுதான். எனக்கு அது தெரியும். ஆனாலும் குருப்பட்ட நாளுக்கு அடுத்தபடியாக நான் மகிழ்ந்த நாள் அது. அன்று இரவு திருப்புகழ் மாலை செபிக்கும்போதுதான் யாக்கோபு ஞாபகத்துக்கு வந்தார். இந்தப் பிள்ளைகளின் நடைக்குத் தக்கபடி என்கிற அந்த இடம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு தப்பும் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் இடது காலை கிளட்ச் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். எப்போது வேண்டுமானாலும் மிதித்துக்கொள்ளலாம் என்கிற ஒரு தைரியம். தட்டு முழுசாக ஒட்டியிருக்காது, முழுசாக விலகியும் இருக்காது. எந்நேரமும் வழுக்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வரும். ஐயாவுக்கு மூக்கு நுனியில் அது தெரிந்துவிடும். "காலைக் கீழ வைங்க ஃபாதர். சேர்ந்தாச்சுன்னா சேர்ந்தாச்சு" என்பார். திருமணத் தயாரிப்பு வகுப்பில் நான் இளையோருக்கு இதைச் சொல்வதுண்டு. சேர்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். கடிக்கிற இடத்தில் பொறுமையாக நில்லுங்கள். ஒட்டிய பிறகு, பிரிந்துகொள்ளலாம் என்ற நினைப்பில் காலை மேலேயே வைத்திருக்காதீர்கள். நம் பங்கிலும் அப்படிச் சில வீடுகள் இருக்கின்றன. ஒரே கூரை, ஒரே அடுப்பு. இருபது ஆண்டுகளாக இருவரும் பாதி மிதித்த கிளட்ச் போலவே வாழ்கிறார்கள். தேய்வது யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். அதனால்தான் இங்கே சொல்லுகிறேன்.

திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் ஒரு தேர் வருகிறது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாலைநிலச் சாலை. எத்தியோப்பிய அரசியின் நிதிப் பொறுப்பாளர் தேரில் உட்கார்ந்து எசாயா நூலைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போகிறார், புரியவில்லை. தூய ஆவியார் பிலிப்பிடம், போய் அந்தத் தேரோடு சேர்ந்துகொள் என்கிறார். பிலிப்பு ஓடுகிறார். ஓடுகிற தேரின் பக்கத்திலேயே, அதன் வேகத்துக்கு ஓடுகிறார். புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று அவர் சொல்லி, பிலிப்பை ஏறித் தம் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் தனியாக ஓட்டக் கூடாது, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிலிப்பு கடிவாளத்தைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். திருமுழுக்கு கொடுத்துத் தண்ணீரிலிருந்து கரையேறியதும் ஆண்டவரின் ஆவியார் அவரைக் கொண்டுபோய்விட்டார். அந்த அலுவலர் மகிழ்ச்சியோடு தம் வழியே போனார் என்று எழுதியிருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் காணாமல் போன பிறகும் கற்றவரிடம் மகிழ்ச்சி மிஞ்சியது.

பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு. அப்பா மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று போய், இரண்டாம் நாள் இருவரும் பேசாமல் திரும்புகிறார்கள். கணவன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தால் பாதி வழியிலேயே ஸ்டியரிங் கை மாறிவிடுகிறது. நம் பங்கில் ஒரு சகோதரி, பெயர் சொல்லமாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, 52 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தது கல்லூரியில் படிக்கும் மகள். மகள் ஒருநாளும் கத்தவில்லையாம். சின்ன வயதில் தன்னைச் சைக்கிளில் பிடித்துக்கொண்டு ஓடிய அம்மாவை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். இன்று அந்தச் சகோதரி பண்ருட்டி தாண்டி ஜிப்மர் மருத்துவமனைக்குத் தானே கணவரை அழைத்துப்போய் வருகிறார்கள். பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பாத அவர், மனைவி கியர் மாற்றும்போதெல்லாம் தன் நல்ல கையால் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாராம், சரி என்று. இதைக் கேட்ட நாளிலிருந்து திருமண அருள்சாதனம் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் என் காதில் விழுகிறது.

மகிழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி ஓட்டுவதில் இன்பம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மழை விட்ட ராத்திரி, மந்தாரக்குப்பத்தில் ஒரு பாட்டிக்கு நற்கருணை கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். தார் ரோடு ஈரமாக மினுங்குகிறது. கியர் கம்பியைத் தொட்டதும் வாழைப்பழத்தில் ஊசி ஏறுவது மாதிரி மூன்றாம் கியர் விழுகிறது. இன்ஜின் சத்தம் ஒரு சுருதிக்கு இறங்குகிறது. அந்த வண்டியில் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். கை, கால், காது, கண் நாலும் ஒன்றாகி, வேறு எந்த நினைப்பும் இல்லாமல் ஐந்து நிமிடம் இருந்தேன். கோவிலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஐந்து நிமிடமும் நான் செபித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. 2013 செப்டம்பரில் வெரோனாவைச் சேர்ந்த முதிய குரு ஒருவர் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்குத் தம் 1984-ஆம் ஆண்டு ரெனோ 4 காரைப் பரிசாகக் கொடுத்தார். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. தொழிலாளர் குடியிருப்பில் அந்தக் குரு அலைந்து உழைத்த வண்டி. திருத்தந்தை தாமே ஏறி உட்கார்ந்து வத்திக்கானுக்குள் ஓட்டிப் பார்த்தார். அந்தக் காரில் கியர் கம்பி டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்தும் தள்ளியும் போட வேண்டும். அர்ஜென்டினாவில் இருந்தபோது அதே மாதிரி ஒரு கார் அவரிடமும் இருந்தது. அந்தக் கம்பியை அவர் கை எப்படித் தேடிக் கண்டுபிடித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

இப்போது கிளட்ச் மிதி இல்லாத கார்கள் நிறைய வந்துவிட்டன. 2014-இல் மாருதி செலேரியோவில் தானாகவே கியர் மாற்றும் விலை குறைந்த ஏ.எம்.டி. வந்ததிலிருந்து நம் ஊரிலும் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். வாங்குங்கள், நன்றாக ஓட்டுங்கள். அந்த வண்டிக்குள்ளும் கிளட்ச் இருக்கிறது, உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு சிறு இயந்திரம் மிதிக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் அந்த வேலையை நமக்காக யாரும் செய்யமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இளையோரை அழைத்துக்கொண்டு விருத்தாசலம், ஆத்தூர் வழியாக ஏற்காடு போனோம். ஒரு கார் நான் ஓட்டினேன். சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சமதரையில் ஓட்டிப் பழகிய நெய்வேலிக்காரனுக்கு அது வேறு உலகம். நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி திணறுகிறது. இரண்டுக்கு இறக்கினால் வேகம் குறைகிறது, ஆனால் மலையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பலம் வருகிறது. இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடி விட்டுவிடும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைச் சாலை ஓட்டுநர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம். பலம் வேண்டும் இடத்தில் ஆண்டவரும் இறங்கித்தானே வந்தார். அடிமையின் கோலம் வரைக்கும், சிலுவைச் சாவு வரைக்கும்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. செங்குத்தான சாலையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. ஏறுகிறவன் நின்றால் திரும்பப் புறப்படுவது பெரும்பாடு, அவன் கிளட்ச் கருகும். இறங்குகிறவனுக்கு நின்று புறப்படுவது சுலபம். ஒரு வளைவில் நான் ஒதுங்கி நின்றேன். கீழேயிருந்து சுமையோடு ஒரு பழைய லாரி முனகிக்கொண்டே ஏறி வந்தது. கடக்கும்போது அந்த ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை, ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். நம்மில் சிலர் இறங்குகிற நிலையில் இருக்கிறோம். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். இதே ஊரில் சிலர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களைச் சாலையில் தினமும் பார்க்கிறோம். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற ஒப்பந்தத் தொழிலாளிகள். கண்ணில் தூக்கம், உடம்பில் மண், சைக்கிளிலோ டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லிலோ இரண்டு பேர். அவர்களில் பலர் இந்தச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள். அதே நேரத்தில் நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட அவசரமாகக் காரில் போகிறோம். ஹார்ன் அடிக்கிறோம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அப்படிச் சிலரை நான் அடக்கம் செய்திருக்கிறேன். ஒரு பையனின் சட்டைப்பையில் அன்று காலை வாங்கிய பேனா, மூடிகூடத் திறக்காமல் இருந்தது. அவன் அம்மா அதை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

2007 ஜூன் மாதம் வத்திக்கானிலிருந்து சாலையில் பயணிப்போருக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்று வந்தது. அதில் ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகள் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது, கொலை செய்யாதே என்கிற சீனாய் மலைக் கட்டளையேதான். ஒன்பதாவது, சாலையில் பலம் குறைந்தவரைக் காப்பாற்று என்பது. யாக்கோபு அன்று பேசியதும் இதைத்தான். இதற்கு நேர்மாறாக அரசர்கள் இரண்டாம் நூலில் ஏகூ வருகிறாரே, இஸ்ரியேல் கோபுரத்தில் நின்ற காவலன் அவர் முகம் தெரியும் முன்னாலேயே, பித்துப்பிடித்தாற்போல ஓட்டுகிற ஓட்டத்தை வைத்து அது ஏகூதான் என்று அடையாளம் சொல்லிவிடுகிறான். நம் வண்டி தெருமுனையில் திரும்பும்போது, முகம் தெரியும் முன்னால், வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் நம்மை யாரென்று சொல்வார்கள்? ஓரமாக ஓடுவார்களா, விளையாட்டைத் தொடர்வார்களா?

சரி, இப்போது எல்லாரும் வெளியே போவோம். சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தச் சைக்கிள்களை மந்திரிக்கிறேன், சைக்கிளில் வந்தவர்களில் நான்கு பேருக்குப் பத்து மணி ஷிப்ட் இருக்கிறது, நேரமாகிவிட்டது. அடுத்து டி.வி.எஸ்., ஸ்கூட்டர், குட்டி யானை. கார்கள் கடைசியில். கார் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் காத்திருங்கள். மந்திரித்து முடித்ததும், சைக்கிள்கள் கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறுகிற வரைக்கும் யாரும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.